வாரண்டியில் இருக்கும் பைக், வாக்குக் காக்காத டீலர்

விற்கும்போது வாசல் வரை வந்து வரவேற்ற கடை, சின்னக் கோளாறு என்று வண்டியை உருட்டிக்கொண்டு போனால் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது? "பார்ட்ஸ் வரலை", "ஓட்டிப் பார்த்தோம், ஒண்ணும் தெரியலை", "இந்த மாடல்ல இப்படித்தான் சத்தம் வரும்", "அடுத்த வாரம் வாங்க". எந்த நாட்டில் எந்த பிராண்ட் வாங்கினாலும் கிட்டத்தட்ட இதே பதில்கள்தான். வாரண்டி கையேட்டில் பக்கம் பக்கமாக உறுதிமொழி இருக்கிறது, வண்டி மட்டும் போன மாதிரியே திரும்பி வருகிறது.

இதை டீலரின் குணக்கேடு என்று முடித்துவிட்டால் பாதிதான் புரியும். மீதிப் பாதி, பணம் எந்த வழியாகப் போகிறது என்பதில் இருக்கிறது. அது புரிந்தால், எங்கே அழுத்தினால் வேலை நடக்கும் என்பதும் தெரிந்துவிடும்.

வாரண்டியைக் கொடுப்பவர் தயாரிப்பாளர். அதற்கான வேலையைச் செய்பவர் டீலர். டீலர் தயாரிப்பாளரிடம் சம்பளம் வாங்குபவர் அல்ல. சொந்த முதல் போட்டு, ஒப்பந்தத்தின் பேரில் அந்தப் பெயர்ப்பலகையை மாட்டிக்கொண்டிருக்கும் தனி வியாபாரி. நீங்கள் காசு கொடுத்துச் செய்துகொள்ளும் சர்வீஸில் பில் போட்டவுடன் பணம் கைக்கு வந்துவிடும். வாரண்டி வேலையில் அப்படி இல்லை. முதலில் தன் ஆளை வைத்து வேலையை முடித்து, பாகத்தைப் போட்டு, பிறகு தயாரிப்பாளரிடம் கிளெய்ம் அனுப்ப வேண்டும். அதை அங்கே ஒருவர் படித்துப் பார்த்து, சரி என்றால் பணம் வரும். இல்லை என்றால் வராது.

வருகிற பணமும் டீலர் கேட்கிற பணம் அல்ல. ஒவ்வொரு வேலைக்கும் இவ்வளவு நேரம்தான் ஆகும் என்று தயாரிப்பாளரிடம் ஒரு பட்டியல் இருக்கும். ஃபிளாட் ரேட் என்பார்கள். மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டர் காயில் மாற்ற இவ்வளவு நேரம், ஃபோர்க் சீல் மாற்ற இவ்வளவு நேரம் என்று எல்லாம் எழுதி வைத்தது. மெக்கானிக் அதைவிட அதிக நேரம் எடுத்தால் அந்த நட்டம் ஒர்க்ஷாப்புக்கு. பல இடங்களில் மெக்கானிக்கின் ஊதியமே இந்தப் பட்டியல் நேரத்தை வைத்துத்தான். வாரண்டி வேலைக்குத் தயாரிப்பாளர் தரும் மணிக்கூலி, வெளி வாடிக்கையாளர் தருவதைவிடக் குறைவாக இருப்பதும் உண்டு. இந்தப் பிணக்கு எவ்வளவு பழையது என்றால், அமெரிக்காவின் பல மாநிலங்கள் டீலருக்கு வெளிக் கட்டணத்துக்கு நிகராகக் கொடுக்க வேண்டும் என்று சட்டமே போட்டிருக்கின்றன.

இதில் அதிகம் அடிபடுவது கோளாறைக் கண்டுபிடிக்கும் வேலை. பட்டியல் பெரும்பாலும் மாற்றுகிற வேலைக்குத்தான் தாராளம். தேடுகிற வேலைக்குக் கஞ்சத்தனம். எப்போதாவது மட்டும் அணைந்துபோகிற ஒரு பைக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒயரிங்கில் எங்கோ ஒரு கனெக்டர் பின் தளர்ந்திருக்கிறது. டேங்கைக் கழற்றி, ஒவ்வொரு கனெக்டராக ஆட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கப் பாதி நாள் போகும். சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். அந்தப் பாதி நாளுக்கு யார் கணக்கு எழுதுவார்? சூப்பர்வைசர் என்ன செய்வார் என்றால், வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு "கோளாறு காணப்படவில்லை" என்று எழுதி நிறுத்திவிடுவார். அவரைத் திட்டலாம், ஆனால் அவர் இடத்தில் இருந்து பார்த்தால் அதுதான் நட்டமில்லாத பதில்.

பயம் இன்னொரு பக்கம். கழற்றிய பழைய பாகத்தில் சீட்டு கட்டிக் குறிப்பிட்ட காலம் வைத்திருக்க வேண்டும். தயாரிப்பாளர் கேட்டால் அனுப்ப வேண்டும். அவ்வப்போது ஆடிட் வரும். காகிதம் சரியில்லாத கிளெய்ம் என்று தெரிந்தால் கொடுத்த பணத்தைத் திரும்பப் பிடித்துக்கொள்வார்கள். சர்வீஸ் தேதி தவறியிருக்கிறதா, மீட்டர் ரீடிங் பொருந்துகிறதா, வாடிக்கையாளர் சொன்ன புகாரும் மாற்றிய பாகமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். ஆகவே அரைகுறையான விவரத்தோடு வரும் கேஸை எடுப்பதற்கே டீலர் தயங்குவார்.

வாரண்டி என்பது உங்களுக்கும் கவுன்ட்டரில் இருப்பவருக்கும் நடக்கும் பேச்சுவார்த்தை என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது டீலருக்கும் தயாரிப்பாளருக்கும் இடையே போகிற ஒரு கோப்பு. அந்தக் கோப்பை எழுத எளிதாகவும், தூக்கிப்போடக் கடினமாகவும் ஆக்கிக்கொடுப்பதுதான் வண்டிக்காரர் செய்யக்கூடிய உருப்படியான வேலை. குரலை உயர்த்துவதால் அந்தக் கோப்பில் ஒரு வரிகூடச் சேராது.

முடியாதவர், செய்யாதவர், ஏமாற்றுபவர்

மோசமான சர்வீஸ் எல்லாம் ஒரே ரகம் இல்லை. சில இடங்களில் ஆட்களுக்கு அந்த மாடல் தெரியாது. புதிதாக வந்த பைக், பயிற்சிக்குப் போன மெக்கானிக் வேலையை விட்டுப் போயிருப்பார், மிஞ்சியிருப்பவர் கார்புரேட்டர் காலத்து அனுபவத்தை வைத்து ஓட்டிக்கொண்டிருப்பார். இவர்களுடைய அடையாளம் "இந்த மாடல்ல இப்படித்தான்" என்கிற பதில். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும்; ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் அதிர்வும், ஏர்-கூல்டு எஞ்சினில் கொஞ்சம் டிக் டிக் சத்தமும் இயல்புதான். உண்மையா, சமாளிப்பா என்று அறிய ஒரு சுலபமான வழி: அதே மாடலில் இன்னொரு வண்டியைப் பக்கத்தில் நிறுத்தி ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள். ஷோரூமில் டெமோ வண்டி இருக்கும். இரண்டும் ஒரே மாதிரி ஒலித்தால் விஷயம் முடிந்தது. வேறு மாதிரி ஒலித்தால் அந்த வீடியோவே ஆதாரம்.

இரண்டாவது ரகத்துக்கு வேலை தெரியும், செய்ய மனமில்லை. மேலே சொன்ன கூலிக் கணக்குதான் காரணம். இவர்களை வழிக்குக் கொண்டுவர முடியும்.

மூன்றாவது ரகம், செய்யாத வேலைக்குச் செய்ததாகக் கையெழுத்துப் போடுகிறவர்கள். ஆயில் மாற்றியதாக எழுதியிருக்கும், ஃபில்டர் பழையதே இருக்கும். செயின் சரிசெய்ததாக எழுதியிருக்கும், செயின் தொங்கும். இவர்களிடம் பேசிப் பயனில்லை, டீலரை மாற்றுவதே வழி. ஆனால் மாற்றுவதற்கு முன் ஆதாரத்தை எடுத்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் அந்தப் பொய்க் கையெழுத்து உங்கள் வண்டியின் சர்வீஸ் வரலாற்றில் நிற்கிறது. பின்னால் எஞ்சினில் ஏதாவது வந்தால் அதைத்தான் புரட்டுவார்கள்.

செய்தார்களா இல்லையா என்று பார்க்க ரகசியக் கேமரா எல்லாம் வேண்டாம். வண்டியை விடுவதற்கு முன் ஆயில் டிரெய்ன் போல்ட், ஃபில்டர் மூடி, ஏர் ஃபில்டர் பெட்டியின் திருகு, பின் ஆக்ஸில் நட்டு ஆகியவற்றில் போல்ட்டின் தலையையும் பக்கத்து உலோகத்தையும் சேர்த்து ஒரு மெல்லிய பெயின்ட் கோடு போடுங்கள். கழற்றினால் கோடு விலகியிருக்கும் அல்லது உடைந்திருக்கும். தொழிற்சாலையிலேயே முறுக்கிய போல்ட்டுகளுக்கு இப்படி அடையாளம் வைப்பதுண்டு, அதனால் யாருக்கும் விசித்திரமாகத் தெரியாது. ஆயில் மாற்றியவுடன், எஞ்சினில் ஆயில் மட்டம் பார்க்கும் கண்ணாடி ஜன்னலில் தேன் நிறம் தெரியும். வண்டியை எடுக்கும்போதே கறுப்பாக இருந்தால் கேள்வி கேட்கலாம். மட்டத்தையும் பாருங்கள். குறைவாக ஊற்றுவது மட்டுமல்ல, அதிகமாக ஊற்றுவதும் தவறு; அளவுக்கு மேல் ஊற்றினால் ஆயில் மூச்சுக்குழாய் வழியாக ஏர் பாக்ஸுக்கு ஏறும். செயின் தொய்வு எவ்வளவு இருக்க வேண்டும் என்பது கையேட்டில் மில்லிமீட்டரில் இருக்கும், பல தெரு பைக்குகளில் 25 முதல் 35 வரை. சக்கரத்தைச் சுற்றி, செயின் மிக இறுக்கமாக இருக்கும் இடத்தில் அளக்க வேண்டும். தொங்குகிற செயினைவிட இறுக்கிவிட்ட செயின் ஆபத்து. கியர்பாக்ஸ் வெளித்தண்டின் பேரிங்கைத் தின்றுவிடும்.

ஆயிலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் டீலர் செய்கிற தவறு வாடிக்கையாளர் தலையில் விழுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. பெரும்பாலான பைக்குகளில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில்தான். கிளட்ச் தட்டுகள் அந்த ஆயிலிலேயே மூழ்கி ஓடுகின்றன. அதற்காகத்தான் ஜப்பானிய தரமான ஜாஸோ எம்.ஏ., எம்.ஏ.2 என்ற குறி டப்பாவில் இருக்க வேண்டும் என்கிறார்கள். கார் ஆயில்கள் பலவற்றில் எரிபொருள் சிக்கனத்துக்காக உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருக்கும். காருக்கு நல்லது, ஈர கிளட்சுக்கு ஆகாது. டிரம்மில் வாங்கி வைத்த பொதுவான ஆயிலை ஊற்றிவிட்டால், கொஞ்ச நாளில் மேலேறும்போது எஞ்சின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. கிளட்ச் வழுக்குகிறது என்று போனால், "கிளட்ச் பிளேட் தேய்மானப் பொருள், வாரண்டியில் வராது" என்பார்கள். அவர்கள் சொல்வது கையேட்டின்படி சரி. ஆனால் தேய வைத்தது யார்? சர்வீஸ் பில்லில் ஆயிலின் பெயரும் கிரேடும் எழுதியிருந்தால் இந்தக் கேள்விக்குப் பதில் வாங்கலாம். "எஞ்சின் ஆயில் 1 லிட்டர்" என்று மட்டும் இருந்தால் வாங்க முடியாது. அதனால் எந்த ஆயில் என்று எழுதச் சொல்லிக் கேட்பது அற்பத்தனம் இல்லை.

ஜாப் கார்டில் என்ன எழுதுகிறார்கள்

வண்டியை விடும்போது கையெழுத்து வாங்கிக்கொள்ளும் அந்தத் தாளை யாரும் படிப்பதில்லை. சர்வீஸ் அட்வைசர் உங்கள் பேச்சைக் கேட்டபடியே "ஜெனரல் செக்கப்" என்று எழுதியிருப்பார். அந்த இரண்டு சொல்லில் உங்கள் புகார் செத்துப்போகிறது. பிறகு எத்தனை தடவை போனாலும், தயாரிப்பாளரின் கணினியில் அந்த வண்டிக்குப் புகார் என்று ஒன்றுமே இருக்காது.

புகாரை உங்கள் சொற்களிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் நீங்களே ஒரு தாளில் எழுதி, அதை ஜாப் கார்டோடு சேர்க்கச் சொல்லிவிட்டு நகலை மெயிலில் அனுப்பிவிடுங்கள். எழுதும்போது நீங்கள் மருத்துவரும் நோயாளியும் ஒரே ஆள் மாதிரி நடந்துகொள்ளக் கூடாது. "ஸ்டேட்டர் போயிடுச்சு, மாத்துங்க" என்று எழுதினால், ஸ்டேட்டரைச் சோதித்து நன்றாக இருக்கிறது என்று முடித்துவிடுவார்கள். அறிகுறியை எழுதுங்கள். எப்போது வருகிறது, எஞ்சின் சூடானபிறகா, குளிரிலா, எத்தனை ஆர்.பி.எம்.-இல், எந்த கியரில், மழைக்குப் பிறகா, டேங்க் காலியாகும்போதா. எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அப்போதே மீட்டரோடு சேர்த்து ஒரு படம். இப்போதைய ஃபியூவல் இன்ஜெக்ஷன் வண்டிகளில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யூ. பிழைக்குறியீட்டைச் சேமித்து வைக்கும். விளக்கு அணைந்தாலும் குறியீடு நினைவில் இருக்கலாம். ஸ்கேனரில் அழித்தால் போய்விடும், சில வண்டிகளில் பேட்டரியைக் கழற்றினாலும் போகலாம். அதனால் குறியீட்டை அழிப்பதற்கு முன் அதைப் படித்து ஜாப் கார்டில் எழுதச் சொல்வது முக்கியம்.

ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. டீலரிடம் போகிறது. அவர்கள் பேட்டரியை இரவு முழுக்க சார்ஜ் போட்டு, ஸ்டார்ட் செய்து காட்டி, திருப்பித் தருகிறார்கள். சில நாளில் மறுபடி அதே கதை. இந்தத் தடவை "பேட்டரி வீக், பேட்டரிக்குத் தனி வாரண்டி, அந்தக் கம்பெனியைப் பாருங்க" என்கிறார்கள். பேட்டரிக்கும் டயருக்கும் தனி வாரண்டி என்பது பல பிராண்டுகளில் உண்மைதான், அதனால் இந்தப் பதிலும் நியாயமாகவே ஒலிக்கும். புதுப் பேட்டரியும் வாங்கிப் போடுகிறீர்கள். அதுவும் படுத்துவிடுகிறது.

இப்போது ஒரு சாதாரண மல்டிமீட்டரை எடுங்கள். வண்டி சில மணி நேரம் நின்றபிறகு நல்ல 12 வோல்ட் பேட்டரியில் 12.6 முதல் 12.8 வரை காட்ட வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, 4,000 அல்லது 5,000 ஆர்.பி.எம்.-க்கு ஏற்றிப் பிடித்தால் பேட்டரி முனையில் சுமார் 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். 12.4-இலேயே நின்றால் பேட்டரிக்குச் சார்ஜ் போகவில்லை. 15-ஐத் தாண்டினால், பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும் ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர் கட்டுப்படுத்தவில்லை, பேட்டரியை வறுத்துக்கொண்டிருக்கிறது. கையேட்டில் உங்கள் மாடலுக்குரிய எண் இருக்கும், அதோடு ஒப்பிடுங்கள். மல்டிமீட்டரையும் ஆர்.பி.எம். காட்டும் டாக்கோமீட்டரையும் ஒரே வீடியோவில் பிடித்து, "5,000 ஆர்.பி.எம்.-இல் பேட்டரி முனையில் 12.3 வோல்ட், சார்ஜிங் சிஸ்டத்தைச் சோதிக்கவும்" என்று ஜாப் கார்டில் எழுதிவிட்டால் பேச்சே மாறிவிடும். பேட்டரி என்று தள்ளிவிட முடியாது. ஸ்டேட்டரும் ரெகுலேட்டரும் தேய்மானப் பொருள் இல்லை, வாரண்டிக்குள் வருபவை. அட்வைசருக்கும் நிம்மதி, ஏனென்றால் கிளெய்மில் எழுத வேண்டிய வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள்.

எல்லாரும் மீட்டர் பிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை, அது டீலரின் வேலைதான். ஆனால் நியாயத்துக்குக் காத்திருந்தால் பேட்டரிகள்தான் சேரும்.

வண்டியை எடுக்கும்போது செய்த வேலை என்ன என்று எழுதிய தாளும் வேண்டும். ஒன்றும் காணவில்லை என்றாலும் "இன்ன புகார், இன்ன சோதனை, கோளாறு காணப்படவில்லை" என்று எழுதியிருக்க வேண்டும். வெறுங்கையோடு திரும்பிய ஒவ்வொரு தடவையும் கணக்கில் வராத தடவை. பல நாட்டுச் சட்டங்களில் எத்தனை முறை சரிசெய்யப் பார்த்தார்கள், எத்தனை நாள் வண்டி ஒர்க்ஷாப்பில் நின்றது என்ற இரண்டும் எண்ணப்படுகின்றன; விட்ட தேதியும் எடுத்த தேதியும் தாளில் இல்லாமல் அதைக் காட்ட முடியாது.

"பார்ட்ஸ் வரலை"

இது பொய்யாகவும் இருக்கலாம், மெய்யாகவும் இருக்கலாம். ஃபில்டர், பிரேக் பேட், கேபிள், லீவர் மாதிரி ஓடுகிற சரக்கைத்தான் டீலர் இருப்பு வைப்பார். இ.சி.யூ., ஒயரிங் ஹார்னஸ், கியர்பாக்ஸ் பாகம் எல்லாம் ஆர்டர் போட்டு வருபவை. பெரிய கிளெய்ம் என்றால் படத்தோடு முன்அனுமதி கேட்க வேண்டியிருக்கும். கேட்க வேண்டியது "எப்போ வரும்?" அல்ல. பாகத்தின் எண் என்ன, ஆர்டர் எண் என்ன, எந்தத் தேதியில் போட்டது? இந்த மூன்றையும் சொல்ல முடியவில்லை என்றால் ஆர்டரே போடவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். எண் இருந்தால் தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் பிரிவில் அதைச் சொல்லிக் கேட்கலாம். வண்டி ஓடாமல் நிற்கிறது என்றால் அவசர ஆர்டர் வகை ஒன்று பெரும்பாலான கம்பெனிகளில் உண்டு, வி.ஓ.ஆர். என்பார்கள், வண்டி சாலையில் இல்லை என்று அர்த்தம். அந்த வகையில் போட்டார்களா என்று கேளுங்கள். அந்தச் சொல்லைக் கேட்டதுமே எதிரில் இருப்பவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

பிரேக், ஸ்டீயரிங், பெட்ரோல் கசிவு சம்பந்தப்பட்ட கோளாறு என்றால் "பார்ட்ஸ் வர்ற வரைக்கும் ஓட்டுங்க" என்பதை ஏற்காதீர்கள். உயிர் ஒரு பக்கம் இருக்க, தெரிந்த கோளாறோடு ஓட்டி அதனால் வேறு பாகம் கெட்டால் அந்தச் சேதத்தை வாரண்டியில் ஏற்க மாட்டார்கள்.

ரீகால் என்பது வேறு கணக்கு. பாதுகாப்புக் குறைபாட்டுக்காகத் தயாரிப்பாளர் திரும்ப அழைக்கும் வண்டிகளுக்கு, வாரண்டி முடிந்திருந்தாலும் இலவசமாகச் செய்ய வேண்டும். சேஸிஸில் இருக்கும், எழுத்தும் எண்ணும் கலந்த 17 இடக் குறியீட்டைப் பல தயாரிப்பாளர்களின் தளத்தில் போட்டால் உங்கள் வண்டிக்கு ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்று தெரியும். டீலர்களுக்குத் தயாரிப்பாளர் அனுப்பும் சர்வீஸ் புல்லட்டின் என்று ஒன்றும் இருக்கிறது: இந்த மாடலில் இந்தச் சத்தம் வந்தால் இந்தப் பாகத்தை மாற்றுங்கள் என்கிற மாதிரி. அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் தனக்கு வரும் இந்த அறிவிப்புகளைப் பொதுவில் போடுகிறது. உலகெங்கும் விற்கும் மாடலாக இருந்தால், உங்கள் டீலர் "கேள்விப்பட்டதே இல்லை" என்கிற கோளாறு அங்கே எண்ணோடு கிடப்பதைப் பார்க்கலாம்.

மேலே போவதும் வேறு இடம் போவதும்

வாரண்டி கொடுத்தவர் தயாரிப்பாளர் என்பதால், பொதுவாக அதே நாட்டில் இருக்கும் எந்த அங்கீகரிக்கப்பட்ட டீலரும் அதைச் செய்து தர வேண்டும். வாங்கிய இடத்திலேயே கட்டுண்டு கிடக்க வேண்டியதில்லை. "எங்ககிட்ட வாங்கின வண்டியா?" என்று இன்னொரு டீலர் கேட்பது வழக்கம், அதற்கு மேல் அந்தக் கேள்விக்கு மதிப்பில்லை. வேறு நாட்டிலிருந்து தனியாக இறக்குமதி செய்த வண்டி என்றால் மட்டும் கையேட்டைப் படித்துக்கொள்ளுங்கள், அங்கே நிபந்தனை மாறும். என் அனுபவத்தில் பெரிய ஷோரூமைவிட, ஒர்க்ஷாப்பைத் தானே கவனிக்கிற முதலாளி இருக்கும் சின்ன டீலர் மேல். கொஞ்சம் தூரம் போனாலும் தப்பில்லை.

தயாரிப்பாளருக்கு எழுதும்போது சேஸிஸ் எண், வாங்கிய தேதி, கிலோமீட்டர், ஒவ்வொரு தடவையும் விட்ட தேதி, எடுத்த தேதி, ஜாப் கார்டு எண், என்ன சொன்னார்கள், உங்களுக்கு என்ன வேண்டும். ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். அட்வைசரின் நடத்தை பற்றி ஒரு வரிகூட வேண்டாம், அதைப் படித்ததும் உங்கள் கடிதம் வாய்ச்சண்டைப் புகார் வரிசைக்குப் போய்விடும். அந்தப் பகுதிக்கான டெக்னிக்கல் ஆள் நேரில் வந்து வண்டியைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். இப்படி ஒருவர் பெரும்பாலான கம்பெனிகளில் உண்டு. டீலர் தட்டிக்கழித்த கேஸ்களில் அவர் ஒப்புதல் கிடைத்தால் கிளெய்ம் திரும்பி வராது, டீலரின் பயமும் போய்விடும்.

அதற்கும் அசையாவிட்டால் சட்டம். இது நாட்டுக்கு நாடு மாறுகிறது, மாறுகிற விதமும் சுவாரசியமானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் தயாரிப்பாளர் தரும் வாரண்டியைத் தாண்டி, விற்ற கடைக்கே குறைந்தது 2 ஆண்டு பொறுப்பு இருக்கிறது. 2019-இல் வந்த உத்தரவின்படி முதல் ஓராண்டுக்குள் தெரியும் குறை, வாங்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். அங்கே "கம்பெனியைக் கேளுங்க" என்று டீலர் கைகழுவ முடியாது. பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் முதல் 30 நாளுக்குள் குறையுள்ள பொருளைத் திருப்பித் தரும் உரிமை தருகிறது. அதற்குப் பிறகு ஒரு தடவை சரிசெய்ய வாய்ப்புக் கொடுத்து, அது தோற்றால் திருப்பித் தரவோ விலையைக் குறைக்கவோ கேட்கலாம். சிங்கப்பூரில் 2012 செப்டம்பரிலிருந்து இருக்கும், குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் 'லெமன்' சட்டம் 6 மாதத்துக்குள் வரும் குறைகளை வாங்கும்போதே இருந்ததாகப் பார்க்கிறது. இந்தியாவின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கிய ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்றில்லை. புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே போடலாம். ஆனால் காரணம் எழுந்த 2 ஆண்டுக்குள். அமெரிக்காவில் 'லெமன்' சட்டங்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, பல மாநிலங்களில் மோட்டார் சைக்கிளுக்கு அவை பொருந்தாது.

அடிக்கடி வரும் மிரட்டல் ஒன்று: "வெளியில சர்வீஸ் பண்ணா வாரண்டி போயிடும்." அமெரிக்காவின் 1975 மாக்னஸன்-மாஸ் சட்டம் இப்படிக் கட்டிப்போடுவதைத் தடுக்கிறது. வெளிப் பாகத்தால்தான் கோளாறு வந்தது என்று காட்டினால் ஒழிய வாரண்டியை மறுக்க முடியாது. இது வெறும் ஏட்டுச் சட்டம் இல்லை. 2022-இல் அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணையம் ஹார்லி-டேவிட்சன் மீதே இந்த விஷயத்தில் நடவடிக்கை எடுத்தது. டீலர் அல்லாதவரிடம் சர்வீஸ் செய்தாலும் வாரண்டி செல்லும் என்று வாரண்டி ஆவணத்திலேயே எழுத வைத்தது. எல்லா நாட்டிலும் இந்தப் பாதுகாப்பு இல்லை, அதனால் உங்கள் நாட்டு விதியைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். போனால் ஆயில், ஃபில்டர் வாங்கிய பில், தேதி, கிலோமீட்டர் எல்லாம் கோப்பில் இருக்கட்டும்.

டீலர் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. ஹெட்லைட் ஒயரை வெட்டிக் கூடுதல் விளக்கு போட்டுவிட்டு, ஒயரிங் கெட்டது என்று வாரண்டி கேட்பவர்கள் இருக்கிறார்கள். இ.சி.யூ.-வை மாற்றி எழுதிவிட்டு, பழையபடி வைத்துக் கொண்டுவந்தால் தெரியாது என்று நினைப்பவர்களும் உண்டு. பல வண்டிகளில் எத்தனை முறை எழுதப்பட்டது என்ற தடம் உள்ளே நிற்கும். முதல் சர்வீஸைத் தள்ளிப்போடுவது இன்னொன்று. புது எஞ்சினில் பாகங்கள் ஒன்றோடொன்று படியும்போது உலோகத்தூள் ஆயிலில் சேரும், அதனால்தான் 500 அல்லது 1,000 கிலோமீட்டரிலேயே மாற்றச் சொல்கிறார்கள். அதைத் தவறவிட்ட வண்டிக்கு எஞ்சின் கிளெய்ம் எழுத எந்த டீலரும் தயங்குவார்.

வாரண்டி முடிய ஒரு மாதம் இருக்கும்போது ஒரு தடவை போய்விட்டு வாருங்கள், சர்வீஸ் தேதி வராவிட்டாலும். ஃபோர்க் சீலில் ஆயில் கசிகிறதா, முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலைத் திருப்பினால் நடுவில் எங்காவது பிடிக்கிறதா, சக்கர பேரிங் ஆடுகிறதா, எஞ்சின் மூடிகளின் இணைப்பில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி, கண்டதையெல்லாம் எழுத வையுங்கள். வாரண்டிக்குள் எழுத்தில் பதிவான கோளாறு, சரிசெய்யும் நாள் வாரண்டிக்குப் பிறகு வந்தாலும் வாரண்டிக் கோளாறுதான் என்று வாதாட இடம் உண்டு. முடிந்து சில வாரத்தில் வந்தது என்றாலும் கேட்டுப் பாருங்கள். ஒழுங்காக சர்வீஸ் ஆன வண்டிக்கு முழுச் செலவையோ பாகத்தின் விலையை மட்டுமோ தயாரிப்பாளர் ஏற்றுக்கொள்வதுண்டு, குட்வில் என்பார்கள். அதை முடிவு செய்கிறவர் கையில் இருப்பது நீங்கள் இதுவரை சேர்த்த அந்த ஜாப் கார்டுகள்தான்.